டெஸ்ட் மேல டெஸ்ட், அப்ப ப்ளஸ் டூ பசங்க படிக்கறது எப்போ?

ப்ளஸ் டூ பசங்க டென்ஷன்னு யாராவது ஆரம்பிச்சா பேச்சு உடனே மார்ச் மாசத்துக்கு போயிடுது, பப்ளிக் எக்ஸாம், ஹால் டிக்கெட், ரிசல்ட் அன்னிக்கு எல்லாரும் போனையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கறது, இப்படியே. எனக்கு என்னமோ மார்ச் கூட பரவால்லன்னு தான் தோணுது. அதுல ஒரு பேப்பருக்கும் அடுத்த பேப்பருக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் லீவு கெடைக்கும், வீட்ல யாரும் டிவி சத்தம் வைக்க மாட்டாங்க, புள்ள அது பாட்டுக்கு உட்கார்ந்து படிக்கும். அதுக்கு முன்னாடி ஜூன்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ஓடுது பாருங்க ஒரு ஓட்டம், அதை பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன்.

எங்க அக்கா பொண்ணு 2025ல ப்ளஸ் டூ முடிச்சா. திண்டுக்கல்ல ஒரு பிரைவேட் ஸ்கூல், ஸ்டேட் போர்ட், பயாலஜி மேத்ஸ் க்ரூப். அக்கா வீடு எங்க வீட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி தான், அக்கா மாமா ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க, அதனால சாயங்காலம் பாப்பா முக்காவாசி நாள் எங்க வீட்ல தான் இருப்பா, இங்க சாப்பிட்டு இங்க இருந்தே ட்யூஷன் போவா. அந்த ஒரு வருஷமும் நான் கிட்ட இருந்து பார்த்தது தான் இங்க எழுதறது எல்லாம்.

முதல்ல அந்த வருஷத்தோட கணக்கை சொல்லிடறேன், இந்த வீட்டு கதை இல்லாதவங்களுக்கும் புரியணும்ல. செப்டம்பர்ல காலாண்டு, டிசம்பர்ல அரையாண்டு. ஜனவரி 22ல இன்ஜினியரிங் என்ட்ரன்ஸான ஜேஇஇ மெயின் முதல் செஷன் ஆரம்பம். பிப்ரவரி 7ல இருந்து 14 வரைக்கும் ப்ராக்டிகல். அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற இடத்துல எல்லாம் ஃபர்ஸ்ட் ரிவிஷன், செகண்ட் ரிவிஷன், சில ஸ்கூல்ல தேர்ட் ரிவிஷனும். மார்ச் 3ல இருந்து 25 வரைக்கும் பப்ளிக். ஏப்ரல் 2ல ஜேஇஇ ரெண்டாவது செஷன், மே 4 நீட், மே 8 ப்ளஸ் டூ ரிசல்ட். பப்ளிக் முடிஞ்சு பேனாவை கீழ வச்சா எட்டு நாள்ல அடுத்த எக்ஸாம். இந்த பேட்ச் 2023ல டென்த் பப்ளிக் எழுதி, 2024ல ப்ளஸ் ஒன் பப்ளிக் எழுதி, 2025ல இதுக்கு வந்த பசங்க, மூணு வருஷம் தொடர்ந்து பப்ளிக், பதினஞ்சு வயசுல ஆரம்பிச்சு. ஆனா இது எல்லாமே வெளிய தெரியற எக்ஸாம், தேதி பேப்பர்ல வரும், நம்மளும் சாமி கும்பிட்டு அனுப்புவோம். புள்ளைங்களை அரிச்சு தின்னது இது இல்லைங்க, பேப்பர்ல வராத டெஸ்ட் தான்.

ஸ்கூல்ல காலைல எட்டு மணிக்கு ஸ்பெஷல் க்ளாஸ்னு பேரு, உள்ள போனா ஸ்லிப் டெஸ்ட். ஒரு நாள் ஃபிசிக்ஸ், ஒரு நாள் கெமிஸ்ட்ரி, ஒரு நாள் மேத்ஸ். சனிக்கிழமை வீக்லி டெஸ்ட், அது முழு பேப்பர். ட்யூஷன் சாயங்காலம் ஆறரைல இருந்து எட்டரை, அங்க அந்த சார் ஒரு பாடம் முடிச்ச உடனே டெஸ்ட் வைப்பார். ஞாயித்துக்கிழமை முழுக்க நீட் கோச்சிங், காலைல ஒம்போது மணிக்கு மொத வேலையே போன வாரத்து டெஸ்ட் தான், அது முடிஞ்சு தான் க்ளாஸ். அது போதாதுன்னு ஆன்லைன்ல வாரத்துக்கு ஒரு மாக் டெஸ்ட், ராத்திரி பத்து மணிக்குள்ள சப்மிட் பண்ணணும்.

இதுல எவ்வளவு யோசிச்சாலும் எனக்கு பொறுக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. கெமிக்கல் கைனடிக்ஸ்னு ஒரு பாடம், ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் வால்யூம்ல வரும். ட்யூஷன்ல அதை ஜூன்லயே ஓட்டிட்டாங்க. ஸ்கூல்ல ஆகஸ்ட்ல வந்துச்சு. கோச்சிங்ல தீபாவளிக்கு அப்புறம். மூணு இடத்துலயும் நடத்தினாங்க, மூணு இடத்துலயும் டெஸ்ட் வச்சாங்க, மூணு தடவையும் பாப்பா அவசர அவசரமா ராத்திரி உட்கார்ந்து மனப்பாடம் பண்ணி கொண்டு போய் கொட்டிட்டு வந்தா. டிசம்பர்ல அரையாண்டுக்கு என்கிட்ட புக்கை நீட்டி ஃபார்முலா எல்லாம் ஒப்பிச்சா, கடகடன்னு சொன்னா. சொல்லிட்டு, "சித்தி, ஃபர்ஸ்ட் ஆர்டர் ரியாக்‌ஷன்ல ஹாஃப் லைஃப் ஏன் கான்சன்ட்ரேஷனை பொறுத்து மாறாதுன்னு எனக்கு இன்னும் புரியவே இல்ல, டெரிவேஷன் மட்டும் தெரியும்"னா. யார்கிட்டயாவது கேக்க வேண்டியது தானடின்னேன். "எப்ப கேக்கறது? சார் வந்தா டெஸ்ட், முடிஞ்சா அடுத்த பாடம்"னு சொல்லிட்டு அடுத்த பக்கத்தை திருப்பிட்டா. மூணு பேர் நடத்தின பாடத்துல ஒரு சந்தேகம் கேக்க அந்த புள்ளைக்கு பத்து நிமிஷம் கெடைக்கலை.

டெஸ்ட்டே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. எழுதி பார்த்தா தான் எது தெரியும் எது தெரியாதுன்னு புரியும், அது உண்மை தான். ஆனா டெஸ்ட்டுல தப்பு வந்தா அதை உட்கார்ந்து பாக்கணும், ஏன் தப்பு வந்துச்சுன்னு யோசிக்கணும், திரும்ப படிக்கணும், அதுக்கு ஒரு நாள் வேணும். அந்த நாள்ல அடுத்த டெஸ்ட் நிக்குது. திருத்தின பேப்பர் பேக்குக்குள்ள போகும், திரும்ப வெளிய வராது. வருஷ கடைசில அக்கா அந்த பேக்கை காலி பண்ணும்போது பாதி பேப்பர் மடிச்ச மடிப்பு கூட கலையாம இருந்துச்சு.

இன்னொண்ணு, பப்ளிக்குக்கு படிக்கறதும் நீட்டுக்கு படிக்கறதும் ஒரே புக்கா இருந்தாலும் வேற வேற வேலை. பப்ளிக்ல ஃபிசிக்ஸ் கெமிஸ்ட்ரிக்கு 70 மார்க் தியரி, பதினஞ்சு ஒன் மார்க், அப்புறம் டூ மார்க், த்ரீ மார்க், ஃபைவ் மார்க், மூணு மணி நேரம் பக்கம் பக்கமா எழுதணும், டயகிராம் போடணும், டெரிவேஷன் ஒரு ஸ்டெப் விடாம வரணும், கையெழுத்து நல்லா இருக்கணும். நீட்ல 2025ல 180 கேள்வி, 180 நிமிஷம், ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம், தப்பா போட்டா ஒரு மார்க் போயிடும், ப்ளஸ் ஒன் பாடமும் சேர்ந்து வரும். ஒண்ணுக்கு நிதானம் வேணும், இன்னொண்ணுக்கு வேகம் வேணும். சனிக்கிழமை நிதானமா எழுது, ஞாயித்துக்கிழமை வேகமா ஷேட் பண்ணுன்னு பதினேழு வயசு புள்ளைகிட்ட மாத்தி மாத்தி கேட்டா அது எந்த பக்கம்தான் திரும்பும். ரெண்டுலயும் குறை சொல்லுவாங்க வேற. ஸ்கூல்ல பிரசன்டேஷன் சரியில்லம்பாங்க, கோச்சிங்ல டைம் மேனேஜ்மென்ட் சரியில்லம்பாங்க.

ஜனவரில ஒரு நாள் காலைல பாப்பா எங்க வீட்டுக்கு வந்துச்சு, அன்னிக்கு அக்காவுக்கு மார்னிங் ஷிஃப்ட், டிஃபன் இங்க தான். இட்லியை பிட்டு வாயில வச்சுக்கிட்டே கோஆர்டினேஷன் கெமிஸ்ட்ரி நோட்டை பாத்துட்டு இருந்தா, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் அதை தான் படிச்சிருக்கா. ஃபிரெண்டு கிட்ட இருந்து ஒரு வாட்ஸப் மெசேஜ் வந்துச்சு, "ஹே செமிகண்டக்டர் படிச்சிட்டியா"ன்னு. அன்னிக்கு ஸ்கூல்ல டெஸ்ட் ஃபிசிக்ஸ். கெமிஸ்ட்ரி டெஸ்ட் ட்யூஷன்ல, அதுவும் மறுநாள். மாத்தி படிச்சிட்டா. அழுவாளோ கத்துவாளோன்னு நான் பயந்தேன், ஒண்ணும் பண்ணலை. நோட்டை மூடி பேக்ல வச்சுட்டு, தட்டுல இருந்த மீதி இட்லியை பாத்துட்டே இருந்தா. "இன்னிக்கு என்ன கிழமை சித்தி?"ன்னு கேட்டா. அவ அழுதிருந்தா கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்னிக்கு சாயங்காலம் பேங்க்ல குடுத்த பெரிய மாச காலண்டரை எடுத்து டேபிள்ல விரிச்சு, ஸ்கூல் டைம்டேபிள், ட்யூஷன் சார் வாட்ஸப்ல போட்டது, கோச்சிங்காரங்க குடுத்த ஷெட்யூல் மூணையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு நாளா எழுதினேன். ஸ்கூல் சிகப்பு, ட்யூஷன் நீலம், கோச்சிங் பச்சை. ஒரு கலர் மட்டும் இருக்கற கட்டமே கம்மி. திங்கக்கிழமை எல்லாம் சிகப்பும் நீலமும் சேர்ந்து, அதுக்கு முந்தின நாள் பச்சை. பொங்கல் லீவுலயும் மாட்டுப்பொங்கல் அன்னிக்கு ஆன்லைன் டெஸ்ட்னு பச்சை. அந்த பொங்கலுக்கு பாப்பா ஊருக்கு வராம போனது எதுக்குன்னு அம்மா கேட்டுட்டே இருந்தாங்க, காலண்டரை காட்டினேன், அப்புறம் கேக்கலை.

எழுதி முடிச்சு பாக்கும்போது தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. இந்த மூணு இடத்துலயும் கெட்டவங்க யாரும் இல்ல. ஸ்கூல் கெமிஸ்ட்ரி மிஸ்ஸுக்கு அவங்க வைக்கற டெஸ்ட் வாரத்துக்கு ஒண்ணு தான், அது நியாயம் தானே. ட்யூஷன் சாருக்கு அவர் டெஸ்ட் ஒண்ணு. கோச்சிங்குக்கு ஒண்ணு. அவங்க அவங்க பக்கம் பாத்தா எல்லாமே கம்மி தான். மொத்தத்தையும் சேர்த்து பாக்கற ஆள் ஒருத்தர் கூட கிடையாது, அந்த புள்ளையை தவிர. அவளுக்கோ யார்கிட்டயும் போய் "மிஸ், நாளைக்கு எனக்கு வேற இடத்துல டெஸ்ட் இருக்கு"ன்னு சொல்ல வாய் வராது, சொன்னா "அப்ப அங்கயே போய் படி"ன்னு தான் பதில் வரும்னு அவளுக்கு தெரியும்.

தூக்கத்தை பத்தி சொல்லியே ஆகணும். பதிமூணுல இருந்து பதினெட்டு வயசு புள்ளைங்களுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேணும்னு டாக்டர்ங்க சொல்றாங்க. அந்த வயசுல தூக்கம் வர வைக்கற மெலடோனின் ஹார்மோன் ராத்திரி லேட்டா தான் சுரக்க ஆரம்பிக்கும், அதனால பத்து மணிக்கு படுன்னா தூக்கம் வராது, காலைல எழுப்புனா கண்ணு திறக்காது, அது சோம்பேறித்தனம் இல்ல, உடம்பு அப்படி. படிச்சது மனசுல பதியறதும் தூக்கத்துல தான் நடக்குது. இதை எல்லாம் பயாலஜி க்ரூப் புள்ளைக்கு சொல்லி குடுக்கறோம், அதே புள்ளையை ராத்திரி பன்னெண்டுக்கு படுக்க வச்சு விடிகாலை நாலரைக்கு எழுப்பறோம். பிரம்ம முகூர்த்தத்துல படிச்சா நல்லா ஏறும்னு நம்ம வீட்டு பெரியவங்க சொல்றது உண்மை தான், ஆனா அவங்க எட்டு மணிக்கு சாப்பிட்டு ஒம்போதுக்கு லைட்டை அணைச்சவங்க. அந்த பாதியை விட்டுட்டு இந்த பாதியை மட்டும் எடுத்துக்கிட்டோம். அக்கா எத்தனை நாள் விடிகாலைல எழுந்து டீ போட்டு குடுத்துட்டு பக்கத்துலயே உட்கார்ந்திருந்திருக்கா தெரியுமா, அவளுக்கும் தூக்கம் இல்ல.

பொண்ணுங்களுக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கு, இதை யாரும் எழுத மாட்டேங்கறாங்க. பீரியட்ஸ் ஃபர்ஸ்ட் டே அன்னிக்கு வயித்து வலியோட மூணு மணி நேரம் பெஞ்ச்ல உட்கார்ந்து வீக்லி டெஸ்ட். லீவு போட்டா ஆப்சென்ட்னு ரெட் இங்க்ல போட்டு வீட்டுக்கு போன் வரும், திங்கக்கிழமை லஞ்ச் டைம்ல ஸ்டாஃப் ரூம் வாசல்ல உட்கார்ந்து எழுதணும். பாப்பா ஒரு தடவை மாத்திரை போட்டுட்டு போய் எழுதிட்டு மார்க் கம்மி ஆயி, அந்த மார்க் க்ளாஸ் பேரன்ட்ஸ் வாட்ஸப் க்ரூப்ல பிடிஎஃப்பா வந்துச்சு, பேரோட, வரிசையா. 2017லயே கவர்மென்ட் ஸ்டேட் ஃபர்ஸ்ட், டிஸ்ட்ரிக்ட் ஃபர்ஸ்ட்னு ரேங்க் போடறதை நிறுத்திடுச்சு, பசங்க மேல ப்ரஷர் குறையணும்னு தான். ஸ்டேட் லெவல்ல நிறுத்தினதை நம்ம வாராவாரம் க்ளாஸ் லெவல்ல வாட்ஸப்ல போட்டுட்டு இருக்கோம். அந்த பிடிஎஃப் வந்த ராத்திரி எத்தனை வீட்ல சோறு இறங்கியிருக்காதுன்னு அதை அனுப்பறவங்க ஒரு நிமிஷம் நினைச்சு பாக்கணும். கடைசில இருக்கற பேரும் ஒரு வீட்டு புள்ளை தானே.

காலண்டருக்கு வர்றேன். அக்காவும் நானும் அதை சுருட்டி எடுத்துட்டு ஸ்கூலுக்கு போனோம். கம்ப்ளெயின்ட் பண்ண போகலை, காட்ட போனோம். க்ளாஸ் மிஸ் மொதல்ல கொஞ்சம் முறைப்பா தான் பேசினாங்க, "எல்லா ஸ்டூடண்ட்ஸும் எழுதறாங்க தானேம்மா"ன்னாங்க. காலண்டரை டெஸ்க்ல விரிச்சதும் பேசாம ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் அவங்களே, "எங்க பையன் டென்த் படிக்கறான், அவனுக்கும் இப்படி தான் இருக்கும் போல"ன்னாங்க. கெமிஸ்ட்ரி மிஸ், ஃபிசிக்ஸ் சார் ரெண்டு பேரையும் கூப்பிட்டு பேசி, திங்கக்கிழமை ஸ்லிப் டெஸ்ட்டை எடுத்துட்டு அந்த நேரத்துல சனிக்கிழமை பேப்பரை குடுத்து தப்பை எல்லாம் பசங்களே திருத்த வைக்கலாம்னு முடிவு பண்ணாங்க, அந்த செக்‌ஷனுக்கு மட்டும். ட்யூஷன் சார் போன்லயே ஒத்துக்கிட்டார், "எனக்கு தெரியாதும்மா, பசங்க சொல்லலையே"ன்னார். கோச்சிங்ல நடக்கலை. ஷெட்யூல் ஹெட் ஆபீஸ்ல இருந்து வருது, எங்க கைல இல்லன்னுட்டாங்க. சரின்னு ஆன்லைன் மாக் டெஸ்ட்டை மட்டும் எழுத வேண்டாம்னு வீட்லயே நிறுத்திட்டோம், காசு கட்டினது போகட்டும்னு மாமா சொல்லிட்டார்.

பெரிய மாயம் ஒண்ணும் நடந்துடலை. ஆனா திங்கக்கிழமை காலைல அந்த க்ளாஸ்ல பசங்க ஒருத்தர் பேப்பரை ஒருத்தர் பாத்து, "இதுக்கு ஏன்டி ரெண்டு மார்க் போச்சு"ன்னு பேச ஆரம்பிச்சாங்களாம். அந்த ஹாஃப் லைஃப் விஷயத்தை அவளுக்கு புரிய வச்சது அப்படி ஒரு திங்கக்கிழமை பக்கத்து பெஞ்ச் பொண்ணு தான். ஓடிட்டே இருந்தா ஒரு ஸ்டூடண்ட் இன்னொரு ஸ்டூடண்ட்டுக்கு சொல்லி குடுக்கறது கூட நின்னு போயிடுதுன்னு எனக்கு அப்ப தான் உறைச்சுது. இப்ப பாப்பா கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கறா, ஹாஸ்டல்ல. அங்கயும் இன்டர்னல், செமஸ்டர்னு இருக்கு தான், ஆனா ஒரு டைம்டேபிள் தான்.

ப்ளஸ் ஒன் பப்ளிக்கை 2025–26ல இருந்து கவர்மென்ட் எடுத்துடுச்சு, கேட்டப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, மூணு வருஷம் தொடர் பப்ளிக் இனி கெடையாது. ஆனா 2017–18ல அதை ஏன் கொண்டு வந்தாங்கன்னும் நினைச்சு பாக்கணும், பல ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே ப்ளஸ் டூ பாடத்துக்கு தாவிட்டு இருந்தாங்க, ரெண்டு வருஷமும் ஒரே புக்கை உருப்போட வச்சாங்க, அதை நிறுத்த தான் வந்துச்சு. இப்ப பப்ளிக் இல்லன்னதும் அந்த காலி இடத்தை டெஸ்ட்டால நிரப்பிட்டாங்கன்னா பசங்களுக்கு கெடைச்சது ஒண்ணும் இல்ல. ஏற்கனவே அக்கா பையன் க்ளாஸ்ல, அவன் இப்ப ப்ளஸ் ஒன், "பப்ளிக் இல்லாததால வாரத்துக்கு ரெண்டு டெஸ்ட் எக்ஸ்ட்ரா"ன்னு க்ரூப்ல மெசேஜ் வந்திருக்கு. விளையாட்டுக்கு விடற பிஇடி பீரியடையும் அதுக்கு எடுத்துட்டாங்க. ஃபுட்பால் ஆடற பையன், சாயங்காலம் வந்து எதுவும் பேசாம படுத்துக்கறான்.

பசங்க பேச்சை குறைச்சுட்டா, சாப்பாடு குறைஞ்சா, "நான் எதுக்கும் லாயக்கு இல்ல"ன்னு ஒரு தடவை சொன்னாலும் மார்ச் முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க, அன்னிக்கே உட்கார்ந்து பேசுங்க. வெளி ஆள் கிட்ட பேசினா ஈசியா இருக்கும்னா 14416 டெலி மனஸ், கவர்மென்ட்டோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், 104 ஹெல்ப்லைனும் இருக்கு. ஃபெயில் ஆனா வருஷமே போச்சுன்னு இன்னும் நிறைய வீட்ல நினைக்கறாங்க, அப்படி இல்ல, அடுத்த ஒண்ணு ரெண்டு மாசத்துலயே துணைத் தேர்வு வச்சிடறாங்க, எழுதி அந்த வருஷமே காலேஜ் சேர்ந்த பசங்க எங்க தெருவுலயே இருக்காங்க. இதை ரிசல்ட் அன்னிக்கு சொன்னா காதுல ஏறாது, ஜூன்லயே ஒரு தடவை, சாதாரணமா சாப்பிடும்போது சொல்லி வச்சிடுங்க.

அக்கா பையனுக்கு வர்ற மாசம் பேரன்ட்ஸ் மீட்டிங் இருக்கு. அவன் க்ளாஸ்ல இன்னும் நாலு அம்மாக்கள் கிட்ட பேசியாச்சு, எல்லாரும் அவங்க அவங்க புள்ளையோட காலண்டரை கலர் போட்டு எடுத்துட்டு வர்றோம்னு சொல்லியிருக்காங்க. நாங்க கேக்க போறது ரெண்டே விஷயம் தான், பிஇடி பீரியட் திரும்ப வேணும், மார்க் பிடிஎஃப்பை க்ரூப்ல போடாம அந்த அந்த புள்ளை வீட்டுக்கு தனியா அனுப்பணும். முடிஞ்சா மாசத்துல ஒரு வாரம் டெஸ்ட்டே இல்லாத வாரமா விடணும்னும் கேக்கலாம்னு ஒரு அம்மா சொன்னாங்க, அதையும் பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன்.